செத்த தீர்ப்பு, பிறக்காத தீர்ப்பு

"அய்யா, நண்பர் படிக்கிற தீர்ப்பு போன ஜூலையிலேயே செத்துப்போய்விட்டது."

2021 மார்ச். முன்சீப் நீதிமன்றத்தில் முகக்கவசத்தோடு நின்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது எதிர்த் தரப்பு அண்ணாச்சி எழுந்து சொன்ன வாக்கியம் இது. குரலை உயர்த்தவில்லை. சாவுச் செய்தியை எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார். எனக்கு அப்போது இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். கையில் புதிதாக வாங்கிய டேப்லெட். அண்ணாச்சிக்கு எழுபதைத் தாண்டிய வயது, கையில் ஒரு துணிப்பை. அவருடைய கைபேசியில் பட்டன் இருக்கும், படம் தெரியாது.

வழக்கு பெரிதல்ல. என் கட்சிக்காரர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பக்கத்து மனைக்காரர் ஓர் இரவில் ஆள் வைத்துப் பொதுச்சுவரை இடித்துவிட்டார். கடை வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆனால் அந்தக் கேமராப் பெட்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும் வகை. மூலப் பதிவு போய்விட்டது, பென்டிரைவில் எடுத்த நகல் மட்டும் மிச்சம். அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யப் போனபோது, சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்றிதழ் (நகல் எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் எழுதித் தருவது) இல்லையே என்று ஆட்சேபம் வந்தது. எனக்குக் கவலை இல்லை. முந்தின இரவே தேடி எடுத்து வைத்திருந்தேன். ஒரு கொலை மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் கொடுத்த தீர்ப்பு அது. கேமராவுக்குப் பொறுப்பானவரே கூண்டேறிச் சாட்சியம் சொன்னால், சான்றிதழ் இல்லாத குறையை அது ஈடுகட்டும் என்பது அதன் சாரம். எங்கள் வழக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அந்தச் சட்டையைத்தான் அண்ணாச்சி உருவினார். 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று முடித்துவிட்டார்கள். 2014-இல் அன்வர் வழக்கு கட்டாயம் என்றது, 2018-இல் ஷாஃபி முகமது வழக்கு அதைத் தளர்த்தியது, 2020 அந்தத் தளர்வை வெட்டியது. வெட்டிய கையோடு, நான் படித்துக்கொண்டிருந்த சென்னைத் தீர்ப்பையும் பெயர் சொல்லித் தவறு என்று எழுதிவிட்டது. மூவரில் ஒருவரான நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். எனக்கு இது எதுவும் தெரியாமல் இல்லை. அர்ஜுன் பண்டித்ராவ் வந்ததைச் செய்தியாகப் படித்திருந்தேன். அதற்குள்ளே எங்கள் ஊர்த் தீர்ப்பு ஒன்றும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் தெரியாது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்" என்று வாய்தா கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வராந்தாவில் அண்ணாச்சியிடம் கேட்டேன், எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று. சிரித்தார். "ஞாபகமா? ஒட்டி வைத்திருக்கிறேன், சாயங்காலம் வந்து பாரும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய அலுவலகம். மெட்ராஸ் லா ஜர்னல், லா வீக்லி, ஏ.ஐ.ஆர்., சி.டி.சி. என்று சுவர் முழுக்கப் பைண்டு செய்த தீர்ப்புத் திரட்டுகள். 2016 தொகுதி ஒன்றை உருவிப் பிரித்தார். அந்தத் தீர்ப்பின் தலைப்பகுதியில், பசை காய்ந்து சுருங்கிய ஒரு துண்டுச் சீட்டு. 'செல்லாது, அர்ஜுன் பண்டித்ராவ், 14.7.20' என்று நீல மையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரப் பகுதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்தத் தீர்ப்பு எந்தத் தீர்ப்பை அடித்தது என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவது அவருடைய சீனியர் காலத்திலிருந்து வரும் வழக்கமாம். அவருடைய சீனியர் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். இவர் பசைக்கு மாறியிருக்கிறார். அதுதான் அவருடைய தொழில்நுட்ப முன்னேற்றம் என்று நான் மனதுக்குள் கேலி செய்துகொண்டேன், தோற்றுப்போனவனுக்கு வேறென்ன வழி.

பிறகுதான் எங்கோ படித்தேன். 1873-இல் ஃபிராங்க் ஷெப்பர்டு என்ற அமெரிக்கர் இதையே வியாபாரமாகச் செய்திருக்கிறார். இந்தத் தீர்ப்பை இன்ன தீர்ப்பு பின்பற்றியது, இன்ன தீர்ப்பு தள்ளியது என்று அச்சடித்த பசைத் தாள்களை வக்கீல்களுக்கு விற்றார். அவர்கள் வாங்கித் தங்கள் புத்தக ஓரங்களில் ஒட்டிக்கொண்டார்கள். அந்தச் சீட்டுகள் புத்தகமாகி, புத்தகம் கணினிக்குள் ஏறி, இன்று லெக்சிஸ்நெக்சிஸ் என்ற சட்டத் தேடுதளத்தில் ஒரு வண்ணக் குறியாக நிற்கிறது. இன்னொரு தளமான வெஸ்ட்லாவில் சிவப்புக் கொடி. ஒரு தீர்ப்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அமெரிக்க வக்கீல்கள் அவருடைய பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு ஷெப்பர்டைத் தெரியாது. பசையைத் தெரியும்.

இங்கே விஷயம் என்னவென்றால், ஒரு தீர்ப்பு சாகும்போது அதற்கே தெரிவதில்லை. கொன்ற தீர்ப்பில்தான் கொலை எழுதப்பட்டிருக்கும். செத்த தீர்ப்பின் தாளில் ஒரு துளி ரத்தம்கூட இருக்காது. எழுதப்பட்ட நாளில் இருந்த அதே கம்பீரத்தோடு, அதே பத்தி எண்களோடு திரையில் வந்து நிற்கும். நம் தேடுசொல்லை மஞ்சளிட்டுக் காட்டும். அதிலும் பல தேடுதளங்கள், எத்தனை தீர்ப்புகள் இதை எடுத்துக்காட்டியிருக்கின்றன என்பதை வைத்து வரிசையை ஏற்றி இறக்குகின்றன. உயிரோடு இருந்தபோது பலரும் எடுத்துக்காட்டியிருப்பார்கள். கொன்றபோதும் எடுத்துக்காட்டியிருப்பார்கள். இரண்டும் கணக்கில் ஒன்றுதான். எனவே பிரபலமாக வாழ்ந்து பிரபலமாகச் செத்த தீர்ப்பு பட்டியலில் மேலே வரும். ஊரில் பெரிய சாவுக்குத்தானே பெரிய கூட்டம்.

எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்கள் தள்ளப்பட்ட தீர்ப்புகளுக்குக் குறி போடுகின்றன. அது நல்ல உதவி. ஆனால் ஒரு தீர்ப்பு பெயர் சொல்லி அடிக்கப்பட்டால்தான் குறி போட முடியும். சட்டமே திருத்தப்பட்டு, காலடியில் இருந்த மண் நழுவி, யாரும் பெயர் சொல்லாமலே செத்த தீர்ப்புகள் ஆயிரம். ஒரு கருத்தில் மட்டும் செத்து மற்றதில் உயிரோடிருப்பவை இன்னொரு வகை. பக்கவாதம் வந்தவரை யாராவது சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்களா? எதிர்த் தரப்பு கொண்டுபோகும்.

அன்று இரவு அர்ஜுன் பண்டித்ராவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். தீர்ப்பின் மேலே போடும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படிப்பதில்லை என்று ஒரு வீம்பு. அதில் எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. விசாரணை முடிந்துவிடாத வரை, உரிய நிலையில் சான்றிதழைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. என் தீர்ப்பைக் கொன்றதே எனக்கு வழியும் விட்டிருந்தது. மனுப் போட்டேன், சான்றிதழ் தாக்கலாயிற்று. அண்ணாச்சி ஆட்சேபித்துவிட்டு, உட்காரும்போது, "படித்துவிட்டீரே" என்றார் மெதுவாக.

மறுநாளே ஒரு நீளவாக்குக் கணக்கு நோட்டு வாங்கினேன். நான்கு பத்தி: தீர்ப்பின் பெயர், செத்த தேதி, கொன்றது யார், முழுதாகவா பாதியா. எங்கள் குமாஸ்தா அதற்குத் 'துஷ்டி நோட்டு' என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் துஷ்டி என்றால் சாவு. முதல் பக்கத்தில் இருப்பவை பெண்களின் பாகவுரிமைத் தீர்ப்புகள். பூலாவதி (2015): குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பாகம் கொடுத்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின் பலன் அவளுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. செத்த தேதி 11.8.2020, கொன்றது வினீதா ஷர்மா. மங்கம்மாள் (2018): நம் மாநிலத்தின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் 2005 திருத்தத்தையும் பற்றியது, எங்கள் ஊர் வக்கீல்கள் அண்ணன் தம்பிகளுக்காகத் தினமும் தூக்கிக்கொண்டு வந்தது. அதே நாள், அதே கை. தானம்மா (2018): பாதி. மூன்றும் இன்றும் தேடினால் பளிச்சென்று வந்து நிற்கும்.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலம்தான் நன்றாக இருந்தது என்று யாரும் தலையாட்ட வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த 1999-இல் எங்கள் ஊர் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் ஒரே ஒரு ஏ.ஐ.ஆர். வரிசை இருந்தது. அதிலும் நடுநடுவே தொகுதிகள் இல்லை. இருந்த தொகுதிகளில் பக்கங்கள் இல்லை. நமக்கு வேண்டிய தீர்ப்பின் பக்கத்தை யாரோ பிளேடால் சுத்தமாக அறுத்தெடுத்திருப்பார்கள். நகலெடுக்கக் காசில்லாமல் அல்ல, எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று. அப்போது மதுரைக் கிளை கிடையாது, அது 2004 ஜூலை 24 அன்றுதான் வந்தது. முக்கியமான ஒரு தீர்ப்பின் நகல் வேண்டுமென்றால், நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிற யாரையாவது பிடித்து, சீட்டில் எழுதிக் கொடுத்து, அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் தவறான தொகுதியை நகலெடுத்து வந்தால் இன்னொரு வாரம். பெரிய சீனியர்களின் வீட்டில் எல்லாப் புத்தகமும் இருக்கும். ஆனால் அந்த அலமாரிச் சாவி யாரிடம் போகும் என்பதில் சாதியும் உறவும் சட்டப்படிப்பைவிட அதிக வேலை செய்யும். முதல் தலைமுறை வக்கீலுக்கு அந்த அறைக்குள் நிற்கும் இடமே கிடைப்பது அரிது. துண்டுச் சீட்டு ஒட்டிய அலமாரி அழகானதுதான். அது அண்ணாச்சியின் அலமாரி, ஊரின் அலமாரி அல்ல.

அதனால்தான் 2008-இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் இந்தியன் கானூன் என்ற தளத்தைத் திறந்து வைத்ததை, இந்தத் தொழிலில் என் வாழ்நாளில் நடந்த பெரிய சம்பவமாக நான் நினைக்கிறேன். அவர் வக்கீல் இல்லை. வக்கீல்களுக்கு இது தோன்றவும் இல்லை, தோன்றியவர்களுக்குச் செய்ய மனமில்லை. சட்டப் பிரிவையும் அதைப் பேசும் தீர்ப்புகளையும் ஒன்றோடொன்று இணைத்து, காசு வாங்காமல் கொடுத்தார். தீர்ப்பின் மூல வாசகம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்பதைப் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. பதிப்பாளர் சொந்தமாக எழுதும் தலைக்குறிப்பு, அவர் உழைப்பில் பிரித்த பத்தி எண்கள் போன்றவைதான் பதிப்பாளருக்கு. இப்போது உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரி 2 அன்று இ-எஸ்.சி.ஆர். என்று தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தீர்ப்புகளுக்கு நடுநிலை எண் என்று ஒன்று வந்திருக்கிறது. எந்தப் பதிப்பகத்தின் பக்க எண்ணையும் நம்பாமல் ஒரு தீர்ப்பைக் குறிக்க முடிகிறது. பேருந்தில் வரும்போது வழக்குக் கட்டைப் பிரித்து, கைபேசியில் தீர்ப்பைப் படித்து, இறங்கும்போது வாதம் தயார். கட்சிக்காரரும் சும்மா இல்லை. பதினாறு எழுத்து வழக்கு எண்ணைச் செயலியில் தட்டி, அடுத்த வாய்தா எப்போது என்று எனக்கு முன்னால் அவர் தெரிந்துகொள்கிறார். முன்பெல்லாம் 'நீதிபதி லீவு' என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார்கள்.

ஆனால் தேடுபெட்டிக்கு என்று ஒரு குணம் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் தெரியாதவனை அது மதிக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பாகவழக்கு. தகப்பனார் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முன்பே இறந்தவர், சொத்து அவர் சுயமாகச் சம்பாதித்தது, வாரிசு ஒரே மகள். பங்காளிகள் அவள் பங்கே இல்லை என்கிறார்கள். இதற்கு அருணாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட சொத்து பங்காளிகளுக்குப் போகாமல் மகளுக்கு வாரிசு வழியில் இறங்கும் என்கிறது. அந்தத் தீர்ப்பு தனக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொள்வதில் ஒன்று 1863-ஆம் ஆண்டின் சிவகங்கை வழக்கு. ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவரின் மகள் காத்தம நாச்சியார், தன் தகப்பனார் தனியாகப் பெற்ற ஜமீன் அவர் அண்ணன் வழிப் பிள்ளைகளுக்கா தனக்கா என்று அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வென்ற வழக்கு. மூலத்தையே படித்துவிடுவோம் என்று ஆசை வந்தது. சிவகங்கை என்று ஆங்கிலத்தில் தட்டினேன். கல்லூரி வந்தது, கலெக்டர் அலுவலகம் வந்தது, வழக்கு வரவில்லை. தேவர் என்று தட்டினேன், இல்லை.

வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார். சிவகங்கை 'ஷிவகங்கா'. தேவர் 'டேவர்'. எதிர்வாதியின் பெயர் இரண்டு வரிக்கு ஓடுகிறது: ஸ்ரீமத் ராஜா முத்து விஜய ரகுநாத போத குருசாமி பெரிய உடையத் தேவர். அதை ஆங்கிலத்தில் எழுதிய விதத்தை நூறு பேரிடம் கொடுத்தால் நூறு விதமாகத் தட்டுவார்கள். 1868-இன் ராமநாதபுரம் தத்து வழக்கு இன்னும் மோசம். மதுரை அங்கே 'மதுரா', சேதுபதி 'சத்துபதி', முத்து என்ற ஒரு சின்னப் பெயரில் நான்கு 'ஓ'. அந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் தேடுபெட்டி கையை விரிக்கும். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதி வைத்த நூலுரையைவிட வலியது என்று சொன்ன வழக்கு இது. இந்துச் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் மனப்பாடம் செய்கிற வரி. நம் ஊர் வழக்கை நம் ஊர்ப் பெயரால் தேட முடியவில்லை.

கடைசியில் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ், ஒன்பதாவது தொகுதி" என்றார், யோசிக்காமல். தொகுதி எண் கிடைத்தபின் இணையத்தில் தேடி எடுக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. நூற்றி அறுபது வருடப் பழைய அச்சு, ஸ்கேன் செய்தது, பக்க ஓரத்தில் கறை. உயிரோடு இருந்தது.

எண்களிலும் இதே தொல்லை. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. அதுவரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் மனு. மதுரைக் கிளையில் '482 போட்டிருக்கிறேன்' என்றால் டீக்கடைக்காரருக்கும் புரியும். புதிய சட்டத்தில் அதற்கு எண் 528. காலியான 482-இல் வந்து குடியேறியிருப்பது முன்ஜாமீன். இனித் தேடுபெட்டியில் 482 என்று போட்டால் இரண்டு தலைமுறையும் ஒரே வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும். என்னைக் கவிழ்த்த 65-பி புதிய சாட்சிய சட்டத்தில் 63-ஆகிவிட்டது. சான்றிதழுக்கு இப்போது படிவமே இருக்கிறது, பகுதி அ, பகுதி ஆ என்று இரண்டு, கூடவே கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பு வேறு. பலசரக்குக் கடைக்காரரிடம் ஹாஷ் மதிப்பு என்றால் என்ன என்று விளக்கிய மாலையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தமிழில் தேடுவது பற்றி ஒரு வார்த்தை. கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் வருகின்றன. நான் பதிவிறக்கிய பலவற்றில் எழுத்தைத் தொட்டு நகலெடுத்தால் கிறுக்கல்தான் வருகிறது, ஏதோ பழைய எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குத் தமிழ் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மொழிபெயர்க்க சுவாஸ் என்ற மென்பொருள் 2019-இலிருந்து இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு அனுமதி அளிக்கப்பட்டது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை இந்த வகை இயந்திரம் ஒன்று இந்தியில் 'விடுமுறை அளிக்கப்பட்டது' என்று ஆக்கிவிட்டதாக நீதிபதி ஒருவரே மேடையில் சொன்னது செய்தியில் வந்தது. சிரித்தேன். பிறகு, நான் ஜூனியராக இருந்தபோது மொழிபெயர்த்த ஒரு பிராது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

செத்தது சாகாத மாதிரி நிற்பது வக்கீல்களுக்கு மட்டும் தொல்லை இல்லை. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவர், தன் பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்பே முதலில் வருகிறது, பெயரை மறையுங்கள் என்று மதுரைக் கிளைக்கு வந்தார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, அவர் நிலையைப் புரிந்துகொண்டாலும், இதற்கு முதலில் சட்டம் வேண்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது, தேடுதளத்திலிருந்து எடுக்கவும் சொன்னது. அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு பொது ஆவணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேடுபெட்டியில்லாத காலத்தில் அந்தப் பொது ஆவணத்தைப் பார்க்க ஒருவர் சென்னைக்கு ரயிலேற வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் ரயிலேற மாட்டார்கள். இப்போது திண்ணையில் உட்கார்ந்தே தட்டிப் பார்த்துவிடுகிறார்கள், விடுதலை என்ற கடைசி வரி வரை யாரும் படிப்பதில்லை. இதில் நான் எந்தப் பக்கம் என்று என் ஜூனியர் கேட்டால், கட்டு யாருடையது என்று திருப்பிக் கேட்பேன். அதற்கு மேல் எனக்குத் தெளிவில்லை.

என் ஜூனியர் கெட்டிக்காரப் பெண். டிராக்டர் கடன் வழக்கு ஒன்றில் எழுத்து வாதம் தயாரிக்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் ஆறு முன்தீர்ப்புகளோடு வந்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் நமக்கு வேண்டிய வாக்கியம் அப்படியே, வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருந்தது. எனக்கு உறுத்தியது அதுதான். நிஜமான தீர்ப்பு அவ்வளவு இனிப்பாக இருக்காது. நமக்குச் சாதகமாக ஐந்து பத்தி போகும், ஆறாவது பத்தியில் 'ஆயினும்' என்று தொடங்கிக் காலை வாரும். இதில் ஆயினும் என்று ஒரு சொல்லே இல்லை. ஆறில் ஒன்றின் தொகுதி எங்கள் அலமாரியிலேயே இருந்தது. பிரித்தேன். அந்தப் பக்கத்தில் வேறொரு நில ஆர்ஜித வழக்கின் நடுப்பகுதி ஓடிக்கொண்டிருந்தது.

"இதை எங்கே பிடித்தாய்?"

"ஏ.ஐ.-யிடம் கேட்டேன் சார். நிஜம்தானா என்றும் கேட்டேன். நிஜம்தான் என்று சொன்னது."

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நியூயார்க்கில் அனுபவசாலி வக்கீல்களே விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து, 2023 ஜூனில் ஐயாயிரம் டாலர் அபராதம் கட்டினார்கள். அவர்களும் அதனிடமே நிஜமா என்று கேட்டிருந்தார்கள். திருடனிடமே சாவியைக் கொடுத்துப் பெட்டியை எண்ணச் சொன்ன கதை. நம் பக்கத்திலும் வந்துவிட்டது. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2024 டிசம்பர் இறுதியில் கொடுத்த ஓர் ஆணையில் இல்லாத தீர்ப்புகள் காட்டப்பட்டிருந்தது தெரியவந்து, சில நாட்களில் அந்த ஆணையே திரும்பப் பெறப்பட்டது. காட்டப்பட்டவற்றில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்பு முடிவு செய்ய இந்தக் கருவிகளைத் தொடக் கூடாது என்று கொள்கையே வகுத்துவிட்டது.

இந்த வகைப் பொய்யில் ஒரு புதுமை இருக்கிறது. செத்த தீர்ப்பைக் கண்டுபிடிக்க, கொன்ற தீர்ப்பு என்று ஒன்று எங்காவது இருக்கும். தேடினால் கிடைக்கும், ஒட்டி வைக்கலாம். பிறக்காத தீர்ப்பை யாரும் கொல்லவில்லை. அதைத் தள்ளிய வழக்கு இல்லை, விமர்சித்த வழக்கு இல்லை, எந்தத் தளத்திலும் சிவப்புக் குறி இல்லை. எதிரியே இல்லாதவனைப் போல நல்லவனாகத் தெரியும். அலமாரியைத் திறந்து, இல்லை என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. இல்லாத ஒன்று இல்லை என்று தெரிந்துகொள்ள அரைநாள் போகிறது. கட்டணத்தில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆறில் நான்கு நிஜம். அந்த நான்கில் ஒன்று நான் தேடியிருந்தால் சிக்கியிருக்காது, அவ்வளவு ஓரத்தில் கிடந்த நல்ல தீர்ப்பு. அதனால் அவளைக் கருவியைத் தொடாதே என்று சொல்லவில்லை. அது கொண்டுவருகிற ஒவ்வொன்றையும் அதிகாரபூர்வத் தளத்தில் நடுநிலை எண்ணோடு இறக்கி, முழுதாகப் படித்து, பிறகு துஷ்டி நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் என் மேஜைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தாள். ஆனால் செய்கிறாள்.

அன்று மாலை நோட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தாள். "சார், இந்த இரண்டையும் எங்கே எழுதுவது? செத்த தேதி என்று ஒரு பத்தி இருக்கிறது. இது பிறக்கவே இல்லையே."

கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். இப்போது அந்தப் பக்கத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. இரண்டு அவள் கொண்டுவந்தவை, ஒன்று எதிர்த் தரப்பு தாக்கல் செய்தது. நான்காவது என்னுடையது.